நாலே முக்கால் வயதில் நின்றுபோன பேச்சு: ஒரு நிகழ்வு ஆய்வு

தென் மாவட்டம் ஒன்றில், நரம்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஆய்வு, சிகிச்சை மையத்தில் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன். இது எங்கள் மையத்தில் நாங்கள் தவறவிட்டு, பிறகு கண்டுபிடித்த ஒரு நோயின் கதை. பெற்றோரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "இன்னொரு பிள்ளைக்கு உதவுமுன்னா எழுதுங்க மேடம்" என்றார் அம்மா. பெயர், ஊர் எதுவும் கிடையாது, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அப்பா லோடு வேன் ஓட்டுகிறார், அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார், கூட ஆச்சி இருக்கிறார். ஒரே பையன். சுகப்பிரசவம், எடை சரி, ஒரு வயதில் நடந்தான், இரண்டு வயதில் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசினான், நாலு வயதில் ஆச்சியிடம் கதை கேட்டு அதை மாற்றி மாற்றித் திருப்பிச் சொல்கிற அளவுக்கு வாய். குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது.

யூகேஜி சேர்ந்த புதிதில், நாலே முக்கால் வயது இருக்கும்போது, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க ஆரம்பித்தான். முதலில் சேட்டை என்று நினைத்திருக்கிறார்கள். டீச்சர் "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கான்" என்று டைரியில் எழுதி அனுப்பினார், அப்பா இரண்டு அடி கொடுத்தார் (இதைச் சொல்லும்போது அவர் குரல் போய்விட்டது). அடுத்த சில வாரங்களில் அவன் பேசுவதும் மாறியது. சொற்கள் குழறின, வாக்கியம் ஒற்றைச் சொல்லானது, தீபாவளிக்குள் "அம்மா"கூட நின்றுவிட்டது.

எங்கேயோ பயந்துவிட்டான் என்று திருநீறு போட்டார்கள், பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள், கயிறு கட்டினார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் செல்போனைக் குறை சொன்னார்கள். காது மருத்துவரிடம் போனதில் பெரா பரிசோதனை எடுத்தார்கள், இரண்டு காதும் நன்றாக இருப்பதாக வந்தது. காது நன்றாக இருக்கிறது, பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அடுத்து எங்கே அனுப்புவார்கள்? எங்களிடம் அனுப்பினார்கள். அப்போது அவனுக்கு ஐந்து வயது இரண்டு மாதம்.

முதல் மதிப்பீடும் எங்கள் முடிவும்

அன்று மையத்தில் கூட்டம். குழந்தை மருத்துவர், உளவியலாளர், நான், மூன்று பேரும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை, சொன்னதைச் செய்யவில்லை, பேச்சு இல்லை, பொம்மையைப் பிடுங்கினால் கத்தினான், அறையில் சுற்றிச் சுற்றி ஓடினான். ஐசா அளவுகோலில் மதிப்பெண் போட்டபோது 90ஐத் தாண்டியது. தெரியாதவர்களுக்காக: ஐசா என்பது ஆட்டிசத்தை அளக்க இந்தியாவில் உருவாக்கிய கருவி, 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 70 முதல் 106 வரை வந்தால் லேசான ஆட்டிசம் என்று கணக்கு. அப்படியே எழுதினோம்.

அந்த மதிப்பெண் தாளை அப்புறம் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பெரும்பகுதி பேச்சு, மொழி, தொடர்பு என்ற பிரிவிலிருந்தும், கூப்பிட்டதற்குப் பதில் இல்லை என்பது போன்ற கேள்விகளிலிருந்தும் வந்தது. மொழி மொத்தமாகப் போன எந்தப் பிள்ளைக்கும் அந்த இடங்களில் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். கருவி மேல் தப்பில்லை, கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தது நாங்கள்தான்.

இன்னொன்று, அதைவிட முக்கியமானது. அம்மா அன்றே சொன்னார்: "அவனுக்கு மொதல்ல காது போச்சு மேடம், பெறவுதான் பேச்சு போச்சு." அதை நான் கோப்பில் எப்படி எழுதினேன் தெரியுமா? "பேச்சில் பின்னடைவு உண்டு." மூன்றே சொல். எந்த வயதில், எது முதலில், எத்தனை வாரத்தில் என்று எதுவும் இல்லை. ஆட்டிசத்தில் பேச்சு பின்வாங்குவது உண்டுதான், ஆனால் அது பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் நடப்பது. நாலே முக்கால் வயதுவரை கதை சொன்ன பிள்ளைக்கு, அதுவும் புரிதல் முதலில் போய்ப் பேச்சு பிறகு போனது என்பது வேறு விஷயம். "பின்னடைவு" என்ற ஒரு சொல் அந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டது, அதற்குப் பிறகு கோப்பைத் திறந்தவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் படித்தார்கள், அம்மாவின் வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இஇஜி ஒன்றும் எடுத்தோம். தூக்கத்தில் வாய் ஓரம் இழுப்பதாக ஆச்சி சொன்னதால் குழந்தை மருத்துவர் கேட்டிருந்தார். பகலில், விழித்திருக்கும்போது, அரை மணி நேரப் பதிவு. குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை என்று வந்தது, விட்டுவிட்டோம்.

நான்கு மாதப் பயிற்சி

வாரம் மூன்று நாள் வந்தார்கள். இரண்டு பஸ் மாறி வர வேண்டும், அன்றைக்கு அம்மாவுக்கு பீடிக் கூலி கிடையாது. நான் கொடுத்தது வழக்கமான பயிற்சி: பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது, கேட்டால்தான் தருவது, கூப்பிட்டுத் திரும்ப வைப்பது. எல்லாமே குரல் வழி. முன்னேற்றம் இல்லை, போகப் போக மோசமானான். மூன்றாவது மாதம் என் கையைக் கடித்தான், மேசையைத் தள்ளினான். நடத்தைப் பிரச்சினை கூடுகிறது என்று எழுதி, தினசரிப் பயிற்சி நேரத்தைக் கூட்டலாமா என்று யோசித்தோம். அவன் நிலையில் இருந்து பாருங்கள். போன வருஷம்வரை புரிந்த மனிதர்கள் இப்போது வாயை மட்டும் அசைக்கிறார்கள், ஏதோ இரைச்சல் வருகிறது, அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு நீ ஏன் பதில் சொல்லவில்லை என்று பிஸ்கட்டை மறைக்கிறார்கள். நான்தான் கடிக்க வைத்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

திருப்பம்

எங்கள் மையத்தில் ஆய்வுப் பிரிவு ஒன்று உண்டு. பெற்றோர் சம்மதித்தால் பயிற்சியை வீடியோ எடுத்து, பிள்ளை எதற்குத் திரும்புகிறது, எதற்குப் பதில் தருகிறது என்று எண்ணி வைப்பார்கள். அந்தப் பதிவுகளைப் பார்த்து எண்ணுகிற பெண், படிப்பு முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, சனிக்கிழமை ஆலோசனைக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இவன் ஏன் மேடம் உங்க வாயையே பார்த்துட்டிருக்கான்?"

வீடியோவை எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். உண்மைதான். நான் பேசும்போதெல்லாம் என் உதட்டையே உற்றுப் பார்க்கிறான், பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறான், என்ன சொல்கிறார்கள் என்று கேட்பது போல. சொல்லால் மட்டும் கேட்டதில் ஏறத்தாழ எதற்கும் பதில் இல்லை, கையைக் காட்டிக் கேட்டபோதோ கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஒரு பதிவில், பயிற்சி முடிந்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங் திருப்பி, கியர் போட்டு, அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறான். வேன் ஓட்டி விளையாடுகிறான். அந்த விளையாட்டை நான் நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் ஆட்டிசம் என்று எழுதிய பிறகு பார்த்ததால் கண்ணில் படவில்லை.

அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டோம், இந்த முறை அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினோம். அப்பாவின் போனில் பழைய வீடியோ இருந்தது. நாலு வயதுப் பிறந்தநாளில் கேக் முன்னால் நின்று பாட்டுப் பாடுகிறான், நடுவில் ஆச்சியைப் பார்த்து "நீங்க சும்மா இரிங்க" என்கிறான். அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாலு மாதமாக அந்த வீடியோ அந்தப் போனில் இருந்திருக்கிறது, நாங்கள் கேட்கவே இல்லை.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. யூகேஜி படித்த பையன், எழுத்து கொஞ்சம் தெரியும். "அம்மா", "பால்", "பஸ்" என்று அட்டையில் எழுதிக் காட்டினேன், மூன்றுக்கும் சரியான படத்தை எடுத்தான். அதே சொற்களை வாயால் சொன்னேன். உதட்டைப் பார்த்தான், எடுக்கவில்லை. வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன். நிமிரக்கூட இல்லை.

தூக்கத்தில் எடுத்த இஇஜி

பெரிய ஊர் மருத்துவமனை ஒன்றின் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம், கடிதத்தில் ஒரே கோரிக்கை: இரவு முழுவதும் தூக்கத்தில் இஇஜி வேண்டும். பதிவு வந்தது. ஆழ்ந்த தூக்கம் தொடங்கியதும் இரண்டு பக்கமும், இடப்பக்கம் கூடுதலாக, காதுக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியில் வலிப்பு அலைகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தன, அந்தத் தூக்க நேரத்தில் 85 சதவீதத்துக்கும் மேல். விழித்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டன. எம்ஆர்ஐ இயல்பாக இருந்தது. லாண்டோ-க்ளெஃப்னர் நோய்க்குறி என்று மருத்துவர் எழுதினார்.

1957இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் லாண்டோ, பிராங்க் க்ளெஃப்னர் என்ற இருவர் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள், கேட்ட சொல்லைப் புரிந்துகொள்ளும் திறன் போய்விடுகிறது, அதைத் தொடர்ந்து பேச்சும் போகிறது. காது வேலை செய்கிறது, ஒலி உள்ளே போகிறது, ஆனால் அதைச் சொல்லாகப் பிரித்தறிய வேண்டிய இடத்தில் தூக்கம் முழுக்க மின் குழப்பம். பெரா பரிசோதனை காதிலிருந்து மூளைத்தண்டு வரைக்கும்தான் பாதையைச் சோதிக்கிறது, அதற்கு மேலே நடப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால்தான் "காது நல்லா இருக்கு" என்று வந்தது, அது பொய்யும் இல்லை. கண்ணுக்குத் தெரியும்படியான வலிப்பு இந்த நோயில் பலருக்கு வரும், கணிசமான பேருக்கு வரவே வராது, வந்தாலும் பெரும்பாலும் தூக்கத்தில். ஆச்சி பார்த்த அந்த வாய் இழுப்பு வலிப்புதான்.

பெற்றோரிடம் சொன்ன நாள்

மையத் தலைவர், நான், குழந்தை மருத்துவர் மூவரும் உட்கார்ந்து சொன்னோம். எங்கள் கணிப்பு தவறு, நாலு மாதம் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொல்வது என முன்னாடியே முடிவு செய்திருந்தோம். புதிதாக ஒன்று தெரிய வந்திருக்கிறது என்று பூசி மெழுகலாம் என்ற பேச்சும் வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை, தலைவரும் ஒத்துக்கொள்ளவில்லை. இனி வருஷக்கணக்கில் மருந்து கொடுக்கச் சொல்லப் போகிறோம், நம்பிக்கை இல்லாமல் அதை எப்படிக் கேட்பது?

அம்மா அழுதார். அப்பா கோபப்பட்டார், அவர் கோபம் நியாயம். "அலைஞ்சதெல்லாம் வீணா சார்? அப்போ நான் அவன அடிச்சது?" என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆட்டிசம் இல்லை என்றதும் நோய் சுலபமானது என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதையும் அன்றே சொன்னோம். வலிப்பு பெரும்பாலும் பதின்வயதுக்குள் நின்றுவிடும், பேச்சு எவ்வளவு திரும்பும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், தூக்கத்தில் அந்த அலைகள் எத்தனை காலம் ஓடுகின்றன என்பது அதைப் பெரிதும் தீர்மானிக்கும்.

எடுத்த முடிவுகள்

மருந்து நரம்பியல் மருத்துவரின் முடிவு. முதலில் வால்ப்ரோயேட், குளோபசாம் என்ற இரண்டு வலிப்பு மருந்துகள், அது போதாது என்று தெரிந்ததும் ஸ்டீராய்டு. வலிப்புக்குப் பழக்கமாகக் கொடுக்கும் கார்பமசெபின் போன்ற சில மருந்துகள் இந்த நோயில் அலைகளைக் கூட்டிவிடலாம், அதனால் உள்ளூரில் யார் எழுதினாலும் கேட்காமல் மாற்ற வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி அம்மா பையில் வைத்துவிட்டோம். ஸ்டீராய்டுக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தார்கள், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மாதாமாதம் பார்க்க எங்கள் செவிலியர் பொறுப்பேற்றார். மரபணுச் சோதனை பற்றியும் பேசினோம். இந்த நோய் உள்ள சிலருக்கு கிரின்2ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2013இல் தெரிய வந்தது. ஆனால் முடிவு எப்படி வந்தாலும் இப்போதைய மருந்து மாறாது, செலவு அவர்களால் தாங்க முடியாதது, அதனால் தள்ளிவைத்தோம்.

பயிற்சியில் நான் எடுத்த முடிவு: குரல் வழியை நம்பியிருப்பதை நிறுத்தி, சைகை, படம், எழுத்து மூன்றையும் உடனே தொடங்குவது. அப்பா எதிர்த்தார். "கையால பேசப் பழகிட்டான்னா வாயில பேச்சே வராதே மேடம்." இந்தப் பயம் வராத பெற்றோரை நான் பார்த்ததில்லை. சைகை பேச்சைத் தடுக்காது, மூளைக்குள் மொழி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், காது வழி அடைத்திருக்கும்போது கண் வழியைத் திறந்து வைக்கிறோம் என்று சொன்னேன். அவர் முழுக்க ஏற்கவில்லை. ஆச்சிதான் முதலில் கற்றுக்கொண்டார். சாப்பாடு, தண்ணீர், தூக்கம், வலி, அப்பா எப்போது வருவார் என்று ஒரு மாதத்துக்குள் முப்பது சைகைக்கு மேல். பேரனும் ஆச்சியும் திண்ணையில் உட்கார்ந்து கையால் சண்டை போட்டதைப் பார்த்த பிறகு அப்பாவும் உட்கார்ந்தார். கடிப்பது இரண்டு மாதத்தில் ஏறக்குறைய நின்றது, அதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை.

பிறகு நடந்தது

ஸ்டீராய்டு தொடங்கி ஏழாவது வாரம் அம்மா போன் செய்தார். குக்கர் விசில் அடித்ததும் சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தானாம். அடுத்த வாரம், பின்னால் இருந்து கூப்பிட்டதற்குத் திரும்பினான். மூன்றாவது மாதம் "ஆச்சி" என்றான். தூக்க இஇஜியிலும் அலைகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன.

இன்னொரு பக்கம் முகம் உப்பியது, பசி தாங்கவில்லை, ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டான், இரவில் அழுதான், பக்கத்து வீட்டுக்காரர்கள் "என்ன மருந்து கொடுத்துக் கெடுக்கிய?" என்று கேட்டார்கள். ஒரு தடவை அம்மா தானாகவே அளவைக் குறைத்துவிட்டார், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பதை நாங்கள் அழுத்திச் சொல்லாமல் விட்டிருந்தோம், நல்லவேளையாக மூன்றாம் நாளே தெரிந்தது. முறைப்படி குறைத்துக்கொண்டு வந்தபோதும் ஒருமுறை பேச்சு மறுபடி மங்கியது, அலைகள் திரும்பின, இரண்டாவது முறை ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்கள் முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தன, ஏனென்றால் இந்த முறை என்ன போகிறது என்று அவனுக்கே தெரிந்தது. சைகை கையில் இருந்ததால் அவன் மொத்தமாகத் தனியாகிவிடவில்லை.

ஏழு வயதில் ஸ்டீராய்டு முழுக்க நின்றது. இப்போது எட்டு வயது தாண்டிவிட்டான், இரண்டாம் வகுப்பு, வயதுக்கு ஒரு வகுப்பு பின்னால். ஐந்தாறு சொல் வாக்கியம் பேசுகிறான், உச்சரிப்பு கொஞ்சம் தட்டையாக இருக்கிறது, அமைதியான அறையில் ஒருவர் மட்டும் பேசினால் புரிகிறது, வகுப்பு இரைச்சலில் பாதி போய்விடுகிறது. படிப்பதும் எழுதுவதும்தான் அவன் பலம். ஆட்டிசம் என்று எழுதிய எங்கள் அறிக்கையைத் திரும்பப் பெற்று, பள்ளிக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் திருத்திய அறிக்கை கொடுத்தோம்.

என்ன மாற்றினோம், இன்னும் என்ன மாற வேண்டும்

பேச்சு நின்றுபோன பிள்ளை என்று யார் வந்தாலும் இப்போது நான் முதலில் கேட்பது பழைய வீடியோ. கல்யாண வீடு, பிறந்தநாள், எதுவானாலும். அடுத்து, அம்மாவோ ஆச்சியோ சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே, மாதத்தோடு எழுதுகிறோம், "பின்னடைவு" என்று சுருக்குவதை நிறுத்திவிட்டோம். மூன்று வயதுக்குப் பிறகு பேச்சோ புரிதலோ போனது என்று தெரிந்தால் தூக்கத்தில் இஇஜி எடுக்காமல் முடிவு எழுதுவதில்லை, பகல் நேரப் பதிவு இயல்பாக இருந்தாலும். அளவுகோலில் மொத்த மதிப்பெண்ணோடு பிரிவு வாரி மதிப்பெண்ணையும் கூட்டத்தில் படிக்கிறோம்.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். இது அரிதான நோய். பேச்சு தாமதமாக வரும் பிள்ளைகளுக்கும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இது இருக்காது, எல்லோருக்கும் இரவு முழுக்க இஇஜி தேவையும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் இஇஜியில் சில மாற்றங்கள் தெரிவதும் உண்டு, அதை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதும் சரியில்லை. நன்றாக வந்த பேச்சு போனதா என்பதுதான் கேள்வி.

எங்களால் இன்னும் சரி செய்ய முடியாதது தூரம். தூக்க இஇஜிக்கு இப்போதும் பெரிய ஊருக்குத்தான் அனுப்புகிறோம், இரவு தங்க வேண்டும், ஒருவர் வேலையை விட்டுக் கூடப் போக வேண்டும், போன வருஷம் அனுப்பிய மூன்று குடும்பங்களில் ஒன்று போகவே இல்லை. மையத்திலேயே ஒரு இரவுப் பதிவுக் கருவிக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.

பள்ளியில் அவனை முதல் பெஞ்சில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். டீச்சர் சொல்வதைப் போர்டில் எழுதிவிட்டுச் சொல்கிறார். போன மாதம் மையத்துக்கு வந்தபோது, காத்திருக்கும் இடத்தில் பேச்சு வராத ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமா என்று கையால் கேட்டான், அவள் பார்க்காததால் தோளைத் தொட்டு மறுபடி கேட்டான். அடுத்த தூக்க இஇஜி ஆவணியில்.